பால் வடியும் நேரம்: தியானத்தில் உட்காரும் முறையும் அதன் பின்னுள்ள அறிவியலும்

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ரப்பர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு விடியற்காலையில் ஒரு காத்திருப்பு உண்டு. வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் நீரழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறைந்துவிடும் என்பதால், இருட்டு விலகும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டி முடித்துவிடுவோம். அதன் பிறகு சிரட்டையில் பால் வடிந்து நிற்கும் வரை இரண்டு மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தை நான் பல வருடங்கள் சாயாக்கடையில் பத்திரிகை பார்த்தும், பிற்பாடு கைப்பேசியைத் தேய்த்தும் கழித்திருக்கிறேன். ஐம்பத்திரண்டாம் வயதில் இரத்த அழுத்தம் 160க்கு 100 என்று காட்டியபோது, மருத்துவர் மாத்திரையை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, “காலையில் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார உங்களால் முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடியாது என்பது மறுநாளே தெரிந்தது.

ஏழு ஆண்டுகளாக உட்கார்ந்து, தவறிப்போய், மறுபடி உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும், மருத்துவ ஆய்வுகள் இதைப்பற்றி உறுதியாகச் சொல்பவற்றையும் சேர்த்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரப்பர் இல்லாதவர்களுக்கும் இப்படியொரு காத்திருப்பு நேரம் எங்காவது இருக்கும். குழித்துறையில் ரயில் ஏறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயணமே போதும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தியானம் என்றால் மனத்தை ஒரு நினைவும் இல்லாமல் துடைத்து வைப்பது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து உட்கார்ந்து, இரண்டாவது நிமிடத்தில் கரண்ட் பில் ஞாபகம் வந்ததும், ‘இது நமக்கு ஆகாது’ என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் செய்ய வேண்டியது மிகவும் எளிய ஒரு வேலை. மூச்சு, ஒரு சொல், ஒரு ஒலி என ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதன்மேல் கவனத்தை வைக்க வேண்டும். மனம் ஓடிவிடும். ஓடிவிட்டது என்று தெரிந்த கணத்தில், தன்னைத் திட்டிக்கொள்ளாமல், எடுத்துக்கொண்ட பொருளுக்கே திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை மனம் ஓடி நாற்பது தடவை திரும்பியவர் நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறார் என்றே கணக்கு. பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் மனத்தை ஓரிடத்தில் கட்டும் தாரணை ஆறாவதாகவும், அது இடையறாமல் ஓடும் தியானம் ஏழாவதாகவும் வருகின்றன. நம்மில் பலர் தியானம் என்று சொல்லிக்கொண்டு செய்வது ஆறாவது படிதான் என்பதை ஒப்புக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

மனம் ஓடுவது ஒருவருடைய குணக்கேடும் இல்லை. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியே ‘இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். ஏறத்தாழ 47 சதவீத நேரம், கை ஒரு வேலையிலும் மனம் வேறொன்றிலும் இருந்தது தெரிந்தது. அப்படி அலையும் வேளைகளில் அவர்களுடைய மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. நாம் எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து சுறுசுறுப்பாகின்றன என்பதையும் நரம்பியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். மார்க்கஸ் ரெய்க்கிலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2001இல் அதை மூளையின் இயல்புநிலை இயக்கம் என்று விவரித்தார்கள். நேற்று நடந்ததை அசைபோடுவதும், நாளை நடக்கப்போவதை ஒத்திகை பார்ப்பதும், ‘நான்’ ‘எனது’ என்று கதை கட்டுவதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. பழகிய தியானிகளிடம் அந்த இயக்கம் அடங்கியிருப்பதை 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே உட்கார்ந்த உடனே பழைய சண்டையெல்லாம் மேலே வந்தால் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

உட்காரும் முறை

மார்த்தாண்டத்துக்கு அருகில் சிதறால் மலைக்கோவிலுக்குப் போயிருப்பவர்கள், பாறைச் சரிவில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்திருப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டும் அங்கே உண்டு. சிலர் நிற்கிறார்கள், சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கையைப் பற்றி எந்த வகுப்பிலும் நான் கற்றதைவிட, உட்கார்ந்திருக்கும் அந்த உருவங்களுக்கு எதிரே நின்று பார்த்துக் கற்றதே அதிகம். இரண்டு முழங்கால்களும் தரையைத் தொட்டு, உடம்பு முக்கோணமாகத் தரையில் பதிந்திருக்கிறது. கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, எதையும் பிடிக்காமல் கிடக்கின்றன. முதுகு நிமிர்ந்திருந்தாலும் தோள்கள் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆயிரம் ஆண்டுகள் மழையும் வெயிலும் முகத்தைத் தேய்த்த பிறகும் அந்த நிதானம் தெரிகிறதென்றால் அது முகத்தில் இல்லை, இருக்கையில் இருக்கிறது.

நம்முடைய முழங்கால்கள் கல்லால் ஆனவை அல்ல என்பதால் சில மாற்றங்கள் தேவைப்படும். வெறுந்தரையில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன் விழும். ஐந்தே நிமிடத்தில் வலி தொடங்கும். நான்காக மடித்த தோர்த்துத் துண்டையோ கெட்டியான தலையணையையோ பின்பக்கத்துக்கு மட்டும் அடியில் வைத்து, இடுப்பு முழங்காலைவிட நான்கு விரல் உயரத்தில் இருக்கும்படி செய்தால் முதுகு தானாகவே நிமிரும். பால் வெட்டுகிறவர்களுக்கு, குனிந்து நிமிர்ந்தே முழங்கால் போயிருக்கும். அவர்கள் வீட்டில் கிடக்கும் குரண்டி என்ற சிறு மணையிலோ, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியும் உயரமுள்ள நாற்காலியிலோ உட்காரலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையும் என்று சொல்கிறவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். படுக்கையில் மட்டும் வேண்டாம். படுத்துச் செய்தால் பெரும்பாலும் அது தூக்கத்தில்தான் முடியும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருப்பது நல்லது. கட்டன்சாயா குடித்துவிட்டு உட்காரலாமா என்று கேட்பவர்கள் உண்டு; நான் குடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கைப்பேசியை வேறு அறையில் வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நேரம் பார்ப்பதற்கென்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, நாயை மடியில் வைத்துக்கொண்டு மீன் ஆய்வது போலத்தான்.

மூச்சு

உட்கார்ந்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர் கீழே வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூக்கு வழியாக மெதுவாக, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி நீள்வதையும் விரலிலேயே உணரலாம். வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறையும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

இதற்குக் காரணம் வேகஸ் எனப்படும் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்லும் அந்த நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போன்றது. மூச்சை இழுக்கும்போது கடிவாளம் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. பயத்திலும் கோபத்திலும் இதயத்தை விரட்டுவது வேறொரு நரம்புத்தொகுதி. நாம் நினைத்தால் அதற்கு நேராகக் கட்டளை இட முடியாது. ‘நாடியே, மெதுவாக ஓடு’ என்று சொன்னால் கேட்காது. மூச்சு மட்டும், நாம் கவனிக்காதபோது தானாகவும் ஓடும், கவனித்தால் நம் சொற்படியும் ஓடும். உடம்பின் உள்ளே போவதற்கு நமக்கென்று திறந்துவைத்த வாசல் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். மேலே சொன்ன நான்குக்கு ஆறு என்ற கணக்கில் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரத்த அழுத்தத்திலும் ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் இயற்கையான அலை ஒன்று உண்டு. கழுத்து இரத்தக்குழாயில் உள்ள உணரிகள் அழுத்தம் ஏறியதைக் கண்டு மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தைச் சற்று மெதுவாக்குகிறது. மூச்சும் அந்தத் தாளத்தில் சேரும்போது, ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளியதுபோல இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. திருமூலர் சொன்ன பிராணாயாமக் கணக்கில் இழுப்பதற்கு 16 மாத்திரை (கால அளவு), நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32. விடும் மூச்சு இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு நீள வேண்டும் என்ற அந்த விகிதத்தை, வேகஸ் நரம்பைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு நான் வேறு கண்ணோடு படித்தேன்.

நடுவில் உள்ள அந்த 64ஐ மட்டும், அருகில் சொல்லித்தர ஆளில்லாமல் தொடவே தொடாதீர்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்கள் மூச்சை அடக்கும் எந்தப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. வேகமாக மூச்சு வாங்கி விடும் பயிற்சிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் முகாம் ஒன்றில் கலந்துகொண்டேன். நூறு பேருக்கு மேல் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லி, நிமிடக்கணக்கில் வேகமாக மூச்சுவிடச் செய்தார்கள். எனக்கு முதலில் உதடு மரத்தது; பிறகு விரல்கள் கொக்கிபோல் மடங்கிக்கொண்டன; தலை சுற்றியது. ‘சக்தி ஏறுகிறது, தொடருங்கள்’ என்றார் பக்கத்தில் நின்றவர். ஏறியது சக்தி இல்லை. தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்கி, நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிடும். உதடும் விரலும் மரப்பது அதனால்தான். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிட்டு, இயல்பான மூச்சுக்கு வந்து, கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார வேண்டும்.

நான்குக்கு ஆறு என்ற எண்ணிக்கையை முதல் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு தானாக அமைதியான பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, மூக்கு நுனியில் காற்று குளிர்ச்சியாக உள்ளே போவதையும் இளஞ்சூடாக வெளியே வருவதையும் வெறுமனே கவனியுங்கள். சிரட்டைக்கு மேலே தகரத் துண்டின் நுனியில் பால் ஒரு துளியாகத் திரண்டு, கனத்து, சற்றே நீண்டு, பிறகு விழுவதை நான் பல நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்டிய உடனே அது கோடாக ஓடும். அரைமணி கழிந்தால் துளித்துளியாகும். துளிக்கும் துளிக்கும் நடுவே உள்ள நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. மூச்சும் ஏறத்தாழ அப்படியே அடங்குகிறது.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வது

மூச்சைக் கவனிப்பது சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு சொல்லையோ சிறு செபத்தையோ எடுத்துக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. அந்தியில் விளக்குக் கொளுத்தி நாமம் சொல்லும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்கு அடுத்த தெருவில் மஃரிப் பாங்கு ஒலிக்கும். இத்தாலியில் பாவியா நகர ஆய்வாளர்கள் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இருபத்துமூன்று பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் பௌத்த மந்திரத்தைச் சொல்லவைத்தும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் அசைந்தன. யாரும் அவர்களிடம் மெதுவாக மூச்சுவிடச் சொல்லவில்லை; சொல்லின் நீளமே மூச்சின் நீளத்தை நிர்ணயித்தது. முன்பாதியை ஒருவரும் பின்பாதியைக் கூட்டமும் சொல்லும் வழக்கத்தில், ஒருவருக்குச் சொல்லும் நேரம் போக மீதி நேரம் மூச்சை இழுக்கக் கிடைக்கிறது.

இதைக் கேட்ட அடுத்த வீட்டு அக்கா, “அப்போ நாங்க அம்பத்தி மூணு மணியும் உருட்டினது மருந்துதானா அண்ணா?” என்று சிரித்தார். மருந்து என்று சொல்ல மாட்டேன். தமிழில் அந்தச் செபம் இலத்தீனைவிட நீளமானது என்பதால் அதே கணக்கு அப்படியே பொருந்தாது. வேகமாக ஓட்டினால் எந்த மொழியிலும் பொருந்தாது. நீங்கள் சொல்லும் நாமமோ செபமோ திக்ரோ எதுவானாலும், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். வெளிவிடும் மூச்சில் மட்டும் சொல்லி, அது ஐந்தாறு விநாடிக்குள் முடியும்படி சொல்லைத் தேர்ந்தெடுத்தால் போதும். மத நம்பிக்கை இல்லாதவர்கள் ‘ஒன்று’ என்று சொன்னாலும் உடம்பு அமைதியாகிறது. 1970களில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தன் நோயாளிகளுக்குச் சொல்லித்தந்த எளிய முறையில் அந்தச் சொல்லும் உண்டு. தியானம் செய்வோரின் ஆக்சிஜன் செலவு குறைவதை அளந்து, பதற்றத்துக்கு நேர் எதிரான ஓர் அமைதி நிலையும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று எடுத்துச்சொன்னவர் அவர்.

எல்லைப்பகுதியில் இந்தப் பயிற்சி மொழி பார்த்து நின்றதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். திருவனந்தபுரம் தைக்காட்டில் இருந்த அய்யாவு சுவாமிகள் தமிழர். அவரிடம் யோகம் பயின்றவர்களில் நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் உண்டு. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மருந்துவாழ்மலையில் இருக்கிறது. அங்கிருந்து சென்றவர் 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவி, கோவிலுக்குள் விடப்படாத மக்களுக்கு வழி திறந்தார். தனியே கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் ஊருக்கு ஒன்றும் செய்ததில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானித்ததை எல்லோரும் அறிவார்கள். 1970இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபத்தில் இன்றும் தியானத்துக்கென்று ஒரு கூடம் உண்டு. கூட்டமில்லாத நாளில் போய் உட்காரலாம்.

இடையில் வரும் தொல்லைகள்

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தூரத்தில் தரையைப் பாருங்கள். அதற்கும் வந்தால் உங்களுக்கு வேண்டியது தூக்கம், போய்த் தூங்குங்கள். அரிப்பு எடுத்தால் உடனே சொறியாமல், பத்து மூச்சு வரை அதைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாண வீடு என்று வருடத்தில் பாதி நாள் எங்கள் ஊரில் குழாய் ஒலிபெருக்கி ஓயாது. தொடக்கத்தில் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டியே என் நேரம் போனது. பிறகு ஒரு கர்க்கடக (ஆடி) மாதத்தில் மழை விடாமல் தகரக்கூரையில் விழுந்துகொண்டிருந்தபோது, மூச்சை விட்டுவிட்டு அந்த ஒலியையே எடுத்துக்கொண்டேன். எங்கே விழுகிறது, எப்போது கனக்கிறது, எந்த மூலையில் சொட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியையும் அப்படியே கேட்கப் பழகினேன். பாட்டின் சொல்லைப் பிடித்துக்கொண்டு போகாமல் வெறும் ஒலியாக ஏறி இறங்குவதைக் கேட்டால் அதுவும் மழைதான். பாட்டு நமக்குப் பிடித்த பாட்டாக இருந்துவிட்டால்தான் சிரமம்.

கோபமோ துக்கமோ மேலெழும்பினால் அதை விரட்ட வேண்டாம். உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நெஞ்சு இறுகுகிறதா, தாடை கடிக்கிறதா? அந்த இடத்தில் சில மூச்சுகள் கவனம் வைத்துவிட்டு மறுபடி திரும்புங்கள்.

எவ்வளவு தூரம் நம்பலாம்

தியானத்தின் பலன்களைப் பற்றிக் கைப்பேசியில் வரும் செய்திகள் சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் குணமாக்கிவிடுகின்றன. ஆய்வுகள் அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பிற்கால ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த எட்டு வார அளவையே பின்பற்றியது. 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 3,515 பேர் கலந்துகொண்ட 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் இருப்பதற்கு நடுத்தரமான சான்று கிடைத்தது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022இல் பதற்றநோய் உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் மறுபாதிக்கு எசிட்டலோபிராம் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், தியானம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. என் கணிப்பில் இதுவரை வந்தவற்றில் உறுதியான நற்செய்தி இதுதான்.

மூளையே வளர்கிறது என்ற பேச்சுக்கும் ஒரு கதை உண்டு. எட்டு வாரம் பயிற்சி செய்த 16 பேரின் மூளையில், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி அடர்த்தியானதாக 2011இல் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் பரவியது. 2022இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அதே கேள்வியை இன்னும் கட்டுப்பாடாகச் சோதித்தபோது அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் தென்படவில்லை. பல்லாண்டு பயின்றவர்களிடம் மூளை வேறுபட்டிருக்கலாம். இரண்டு மாதத்தில் மூளை பெருத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆன்மிகம் என்பதைத் தியானத்துக்கு வெளியேயும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 74,534 செவிலியரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களின் இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. இது காரணத்தை நிரூபிப்பதில்லை. நடமாட முடிகிறவர்கள்தான் கோவிலுக்குப் போகிறார்கள் என்பதும் உண்மைதானே. ஆனால் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க நாலு பேர் இருப்பதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். அந்த ஆய்வாளர்களும் அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் சொன்னது தெளிவானது: வழக்கமான சிகிச்சையோடு துணையாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். துணை என்ற அந்தச் சொல்லை நான் மதிக்கவில்லை. தொடங்கி நான்கு மாதத்தில் அளவு 130க்கு 84க்கு வந்ததும், இனி எதற்கு என்று மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். பதினெட்டாம் நாள் பின்னந்தலை கனத்து, அளந்து பார்த்தால் 170ஐத் தாண்டியிருந்தது. அளவைக் குறைத்து வைத்திருந்ததில் பெரும்பங்கு மாத்திரையுடையது என்று அன்று புரிந்தது. அதைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் வேலை.

தியானத்தால் எல்லோருக்கும் நன்மையே வரும் என்பதும் சரியில்லை. 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குப் பதற்றமோ சோர்வோ கூடுதலானது தெரிந்தது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், பெரிய அதிர்ச்சியின் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். பல நாள் மௌன முகாம்களுக்கு நேராகப் போய்விடக் கூடாது. உட்காரும்போதெல்லாம் பயம் கூடுகிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

நேரக் கணக்கு

முதல் வாரம் ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டாம் வாரம் எட்டு, மூன்றாம் வாரம் முதல் பத்து என்று ஏற்றி, எட்டாம் வாரத்தில் இருபதுக்கு வந்தால் போதும். நேரத்தைவிட இடைவிடாமல் செய்வதே பெரிது. ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உட்கார வேண்டியதில்லை. காலண்டரில் உட்கார்ந்த நாளுக்கு ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். நன்றாக இருந்ததா இல்லையா என்று எழுதத் தொடங்கினால் அதுவே ஒரு பரீட்சையாகிவிடும். ரயிலில் போகிறவர்கள் பாறசாலையில் கண்ணை மூடி நெய்யாற்றின்கரையில் திறக்கலாம். பையை மட்டும் மடியில் இறுக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது சட்டென்று எழக்கூடாது. மூச்சைக் கவனிப்பதை விட்டு, முதலில் சுற்றியுள்ள ஒலிகளைக் கேளுங்கள். பிறகு விரல்களை அசையுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்மேல் ஒற்றிவிட்டு மெதுவாகத் திறங்கள். கால் மரத்திருந்தால் நீட்டி, ஆடுதசையைக் கீழிருந்து மேலாகப் பிடித்துவிட்டு, மரப்பு முழுதாகப் போன பிறகே ஊன்றுங்கள். அவசரமாக எழுந்து ஒருமுறை நான் பால்வாளியோடு விழுந்திருக்கிறேன். அதற்குள் வெயில் மரங்களுக்கு இடையில் இறங்கியிருக்கும். சிரட்டையில் பால் நின்றிருக்கும். எடுக்கப் போகலாம்.